கணக்காயர் முதல் டியூஷன் வாத்தியார் வரை

கும்பகோணத்தில் 2006ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் நாங்கள் மூவர் சேர்ந்து ஒரு மாடியறையை வாடகைக்குப் பிடித்தோம். ஒருவர் கணிதம், ஒருவர் ஆங்கிலம், நாம் தமிழ். மூவருமே சுயநிதிக் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர்கள். மூவர் சம்பளத்தையும் கூட்டினாலும் ஓர் அரசுக் கல்லூரிப் பேராசிரியரின் சம்பளத்தில் பாதி தேறாது. மாலை ஆறு முதல் எட்டரை வரை பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் டியூஷன். பாடத்துக்கு மாதம் நூற்றைம்பது ரூபாய். கரும்பலகை ஒன்று, ஜமக்காளம் இரண்டு, மின்விசிறி ஒன்று. இவ்வளவுதான் முதலீடு.

முதல் மாதம் பத்தொன்பது பேர் வந்தார்கள். கணிதத்துக்குப் பத்தொன்பது, ஆங்கிலத்துக்குப் பதினொன்று, தமிழுக்குச் சுழி. தமிழுக்கு யார் டியூஷன் படிப்பார்கள்? எனவே இரண்டு பாடம் சேருவோருக்குத் தமிழ் இரண்டாம் தாள் இலக்கணம் இலவசம் என்று அறிவித்தோம். புடைவை வாங்கினால் ரவிக்கைத் துணி இனாம் என்பார்களே, அதைப்போல. முதுகலைப் பட்டமும் தொல்காப்பியச் சேனாவரையமும் ரவிக்கைத் துணியாகிப் போனதில் நமக்கு வருத்தம் இருந்தது என்பதை மறைப்பானேன்.

அந்த நாட்களில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், நம்மைப் பள்ளியில் வைத்துப் படிப்பித்தவர், கடைத்தெருவில் எதிர்ப்பட்டார். "என்னப்பா, வித்தைய விக்க ஆரம்பிச்சுட்டியாமே?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். "இல்லீங்க ஐயா, சும்மா சாயந்தரத்துல..." என்று எதையோ குழறிவிட்டு வந்தோம். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த 'விக்க' என்ற சொல் மட்டும் போகவில்லை. படிப்புச் சொல்லிக் காசு வாங்குவது நம் மரபில் எப்போதிலிருந்து இழுக்காயிற்று என்று தேடத் தொடங்கியது அதனால்தான். இக்கட்டுரை அந்தத் தேடலின் குறிப்புகள்.

முதலில் எடுத்தது நன்னூலை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் சீயகங்கன் என்னும் சிற்றரசனுக்காகச் செய்த நூல். அதன் பொதுப்பாயிரத்தில் ஆசிரியன் எப்படி இருக்கவேண்டும், மாணாக்கன் எப்படி இருக்கவேண்டும் என்பதெல்லாம் உண்டு. ஆசிரியனை நிலத்துக்கும் மலைக்கும் துலாக்கோலுக்கும் மலருக்கும் ஒப்பிடுவதைப் பள்ளி நாட்களில் எல்லோரும் படித்திருப்போம். யாருக்குப் பாடம் சொல்லலாம் என்ற பட்டியல் ஒன்றும் அங்கேயே இருக்கிறது. அதை நாம் வகுப்பில் நடத்தியிருக்கிறோம், ஆனால் நின்று படித்ததில்லை. தன் மகன், தன் ஆசிரியரின் மகன், அரசன் மகன், பொருளை மிகுதியாகக் கொடுப்பவன், வழிபடுபவன், சொன்னதைச் சொன்னவுடன் கொள்ளும் கூர்மையுடையவன் என அறுவர். பொருள் கொடுப்பவன் நான்காம் இடத்தில் இருக்கிறான். வழிபடுபவனுக்கும் அறிவுடையவனுக்கும் முன்னால்! பாட்டின் வரிசையை யாப்பும் தீர்மானித்திருக்கும், முன்பின் வைத்ததில் பெரிதாக ஒன்றுமில்லை என்று சிலர் சொல்லக்கூடும். இருக்கட்டும். பட்டியலில் அவன் இருக்கிறான் என்பதே நமக்குப் போதுமானதாக இருந்தது.

அதற்கும் ஆயிரம் ஆண்டுகள் முன்னே போனால் புறநானூற்றின் 183ஆம் பாட்டு. ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பாடியது. ஆசிரியருக்கு இடர் வந்தபோது உதவியும் மிக்க பொருளைக் கொடுத்தும் பணிந்து நின்று கற்பது நல்லது என்கிறான். அரசன் சொன்ன வழிகளிலும் பொருள் ஒன்று. சங்கப் புலவர் பெயர்களைப் புரட்டினால் கணக்காயன் என்ற தொழிற்பெயர் வருகிறது; நக்கீரர் மதுரைக் கணக்காயனாரின் மகனார். அகநானூற்றில் மதுரை இளம்பாலாசிரியன் சேந்தன் கூத்தனார் என்றொருவர் இருக்கிறார். சிறுபிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர் என்று பெயரே சொல்கிறது. இவர்களுக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்பதற்குக் குறிப்பு இல்லை. ஆனால் கூலவாணிகன் கூலம் விற்றும், கொல்லன் இரும்படித்தும் பாட்டெழுதிய ஊரில் ஆசிரியன் மட்டும் காற்றைக் குடித்து வாழ்ந்திருக்க முடியாது.

திண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு வந்தால் கணக்கு தெளிவாகிவிடுகிறது. அங்கே கல்வி என்றும் இலவசமாக இருந்ததில்லை. மாதச் சம்பளம் சில அணாக்கள், கொடுக்க இயலாதவர் நெல்லாகவோ காய்கறியாகவோ கொடுப்பார்கள். நவராத்திரியில் உபாத்தியாயர் பிள்ளைகளுக்குக் கோலாட்டமும் பாட்டும் பழக்கி வீடுவீடாக அழைத்துச் செல்வார். சேரும் காசு உபாத்தியாயருக்கு. உ.வே.சாமிநாதையர் தம் சுயசரிதையில் இந்தப் பழைய பள்ளிக்கூடங்களை விரிவாக எழுதியிருக்கிறார். மணலில் எழுதுவது, பனையோலைச் சுவடி, அடி, உதை, சட்டாம்பிள்ளை எல்லாம் உண்டு. (இந்தச் சட்டாம்பிள்ளை முறையைத்தான் சென்னை எழும்பூரில் இராணுவ அநாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் 1797இல் இலண்டனில் புத்தகமாக எழுதினார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. நம் ஊர் உபாத்தியாயர் ஓர் ஆள் சம்பளத்தை மிச்சப்படுத்தக் கண்ட வழி அங்கே கல்விப் புரட்சியாயிற்று.)

இந்த உபாத்தியாயர்களின் வருமானம் பற்றிய முதல் அரசாங்கக் கணக்கு தாமஸ் மன்றோவுடையது. சென்னை மாகாண ஆளுநராக இருந்த மன்றோ 1822இல் ஒவ்வொரு கலெக்டரிடமும் பள்ளிகளின் விவரம் கேட்டார். வந்து சேர்ந்த விவரங்களை வைத்து 1826 மார்ச் மாதம் ஒரு குறிப்பு எழுதினார். மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், ஏறத்தாழ 1,88,000 மாணாக்கர்கள். 1983இல் தரம்பால் இந்த ஆவணங்களைத் தொகுத்து வெளியிட்ட பிறகு இவ்வெண்கள் மேடைதோறும் முழங்கிவருகின்றன. மேடைகளில் யாரும் சொல்லாத எண் வேறொன்று இருக்கிறது. சென்னைப் பட்டணத்தில் பள்ளிக்குப் போய்ப் படித்தவர்கள் ஐந்தாயிரத்துச் சொச்சம். வீட்டிலேயே ஆசிரியர் வைத்துப் படித்தவர்கள் 26 ஆயிரத்துக்கும் மேல் என்று கலெக்டர் எழுதியிருந்தார். ஐந்து மடங்கு! மன்றோவே இதை நம்பவில்லை, எங்கோ பிழை இருக்கவேண்டும் என்று குறித்துவைத்தார். பாதியைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும், இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே சென்னை ஒரு டியூஷன் பட்டணம் என்பது விளங்கும்.

அதே குறிப்பில் மன்றோ ஆசிரியர்களின் நிலையையும் சொல்கிறார். மாதம் ஆறேழு ரூபாய்க்குமேல் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. தகுதியுள்ளவன் இந்தத் தொழிலுக்கு வர இது போதாது. சரி, அரசாங்கம் என்ன செய்யப்போகிறது? தாலுகாதோறும் ஓர் ஆசிரியரை நியமித்து மாதம் ஒன்பது ரூபாய் கொடுக்கலாம் என்கிறார். ஒன்பது ரூபாய் குறைவாகத் தோன்றலாம், ஆனால் மாணாக்கர்களிடமிருந்து இன்னொரு ஒன்பது ரூபாய் வாங்கிக்கொள்வார், அப்போது ஸ்காட்லாந்தின் கிராமப் பள்ளி ஆசிரியரைவிட நன்றாகவே இருப்பார் என்று சமாதானமும் சொல்கிறார். மன்றோ ஸ்காட்லாந்துக்காரர்; அந்த ஒப்பீட்டில் ஊர்ப்பாசம் தெரிகிறது. நமக்கு அதில் வேறொன்று தெரிந்தது. பாதிச் சம்பளத்தை நாம் தருகிறோம், மீதியை நீயே தேடிக்கொள் என்பது தனியார் கல்லூரித் தாளாளர் யாரும் புதிதாகக் கண்டுபிடித்த தத்துவமல்ல. அரசாங்கச் சம்பளப் பட்டியலின் முதல் வரியிலேயே அது இருக்கிறது.

மீதியை யார் கொடுப்பது என்ற கேள்விக்கும் அந்த ஆவணக் கட்டிலேயே விடை இருக்கிறது. பெல்லாரி கலெக்டர் காம்ப்பெல் 1823இல் எழுதிய அறிக்கையில், நடுத்தர, கீழ்த்தட்டுக் குடும்பங்கள் பிள்ளைகளின் படிப்புக்கு இயன்ற சிறு தொகையையும் கொடுக்க முடியாமற் போய்விட்டன, பிள்ளையின் இளங்கைகள் சிறு வேலை செய்யும் பருவம் வந்ததுமே அந்தக் கைகள் வீட்டுக்கு வேண்டியிருக்கின்றன என்கிறார். நாடு ஏழையாகிக்கொண்டு வருவதே காரணம் என்றும் சொல்கிறார். கம்பெனியின் அதிகாரி கம்பெனிக்கே எழுதியது இது.

இப்போது நம் ஆசிரியர் மனத்தில் வைத்துப் பேசிய மரபுக்கு வருவோம். வித்தையை விற்காத மரபு என்றால் நம் எல்லோர் நினைவுக்கும் வருபவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. 1815இல் பிறந்து 1876இல் மறைந்தவர். பாடம் சொல்லக் காசு வாங்கியதில்லை. சாதி மதம் பார்க்காமல் சொன்னார். சவேரிநாதப் பிள்ளை என்னும் கிறித்தவர் அவருடைய அணுக்க மாணாக்கர்களில் ஒருவர். கேட்டவருக்குச் சொன்னார், உடன் இருந்தவருக்குச் சோறும் போட்டார். இதெல்லாம் உண்மை. ஆனால் அந்தச் சோற்றுக்கு அரிசி எங்கிருந்து வந்தது? தலபுராணங்களிலிருந்து. ஊர்ப் பெரியவர்களும் தனவந்தர்களும் தங்கள் ஊர்க் கோயிலுக்குப் புராணம் பாடச்சொல்வார்கள். அரங்கேற்றத்தின்போது பரிசில் தருவார்கள். அவ்வாறு இருபதுக்கும் மேற்பட்ட புராணங்கள். திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவு வேறு. அதாவது பாடம் சொல்வது அவருக்குத் தொழில், புராணம் பாடுவது மேல்வருமானம். நம் காலத்துக் கணக்கை அப்படியே தலைகீழாக்கி வைத்துக்கொண்டவர் அவர். அந்தப் புராணங்களை இன்று வாசிப்பவர் மிகச் சிலரே. அவற்றால் சோறுண்டு படித்த ஒரு மாணாக்கர் பதிப்பித்த நூல்களைத் தமிழ்நாடே வாசிக்கிறது. இருந்தும் பிள்ளையவர்கள் கடனாளியாகவே கண்மூடினார். இலவசக் கல்வியின் விலையை அவர் குடும்பம் கட்டியது.

அந்த மாணாக்கர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானபோது மாதச் சம்பளம் ஐம்பது ரூபாய். காவிரிக் கரையில் இருக்கும் அந்தக் கல்லூரி எங்கள் மாடியறையிலிருந்து நடந்துபோகும் தூரம். ஒன்றாந்தேதி தவறாமல் ஐம்பது ரூபாய் வந்ததால்தான் சீவகசிந்தாமணிச் சுவடிகளோடு ஏழாண்டுகள் மல்லுக்கட்ட முடிந்தது என்பது நம் கருத்து. அவரே குருநாதரைப்போல் புராணம் பாடிப் பிழைத்திருந்தால் 1887இல் சிந்தாமணி வந்திருக்குமா?

பல்கலைக்கழகம் வந்ததும் கதை மாறியது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டு மெட்ரிகுலேஷன் தேர்வு வந்தது. பின்னாலேயே பள்ளிகளுக்குத் தேர்ச்சி மானியம். இன்ஸ்பெக்டர் வந்து தேர்வு வைத்துத் தேறிய தலைக்கு இவ்வளவு என்று கொடுப்பார். அதுவரை படிப்புக்கு விலை இருந்தது, இப்போது தேர்ச்சிக்கு விலை வந்தது. இரண்டும் வேறுவேறு சரக்கு. முன்னதை விற்றவர் உபாத்தியாயர். பின்னதை விற்பவருக்குப் புதிய பெயர்களும் புதிய கடைகளும் தேவைப்பட்டன. தேர்வில் தவறியவர்களுக்காக டுடோரியல் காலேஜ் என்ற பெயர்ப்பலகை நம் ஊர்களின் மாடிகளில் ஏறியது. திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் ஐயன்பெருமாள் கோனார் 1940களில் தமிழ்ப் பாடத்துக்கு எழுதத் தொடங்கிய உரை, பழனியப்பா பிரதர்ஸ் வெளியீடாக வந்து, 'கோனார் நோட்ஸ்' என்று தமிழ்நாட்டின் பொதுச்சொல்லாயிற்று. நாம் கோனாரை இளக்காரமாகப் பேசிக் கேட்டிருக்கிறோம், பேசியும் இருக்கிறோம். தமிழ் டியூஷனுக்கு ஆள் வராததன் காரணமும் அவர்தான். சில ரூபாய்க்கு அவரே வீட்டுக்கு வந்துவிடும்போது எங்கள் மாடிப்படியை யார் ஏறுவார்கள்?

நோட்ஸ் என்றதும் இளக்காரம் செய்யும் பழக்கத்தை நாம் விட்டது ஒரு கணித நூலால். எங்கள் மாடியறைக்கு இரண்டு தெரு தள்ளிச் சாரங்கபாணி சன்னிதித் தெரு. இராமானுஜன் வளர்ந்த வீடு அங்கே இருக்கிறது. 2003இல் சாஸ்திரா பல்கலைக்கழகம் அதை வாங்கி நினைவில்லமாக்கியது. எங்களில் கணிதக்காரர் சனிக்கிழமைகளில் மாணவர்களை அங்கே அழைத்துப்போவார். இராமானுஜனின் தந்தை துணிக்கடைக் கணக்கர். வருமானம் போதாமல் வீட்டில் கல்லூரி மாணவர்களைத் தங்கவைத்துச் சாப்பாடு போட்டார்கள். அந்த மாணவர்களிடமிருந்து சிறுவன் கணிதம் கற்றான், சீக்கிரமே அவர்களைத் தாண்டினான். 1903இல் கார் என்பவர் தொகுத்த கணிதச் சுருக்க நூல் ஒன்று கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள், விளக்கமோ நிறுவலோ பெயரளவுக்கு. அந்நூல்தான் இராமானுஜனை இராமானுஜனாக்கியது என்று எல்லா வரலாறுகளும் சொல்கின்றன.

கார் யார்? இலண்டனில் தனிப்பயிற்சி ஆசிரியர், டியூஷன் வாத்தியார். நாற்பது வயதை நெருங்கும்போது கேம்பிரிட்ஜில் மாணவராகச் சேர்ந்து 1880இல் தேர்வெழுதி, முதல் வகுப்பு கிட்டாமல் இரண்டாம் வகுப்பில் பன்னிரண்டாவதாகத் தேறியவர். அந்தப் புத்தகம் அவருடைய டியூஷன் குறிப்புகளின் தொகுப்பு. இதைச் சொன்னவர் ஹார்டி. அவருக்கும் இந்த உலகம் தெரியும். அக்காலத்துக் கேம்பிரிட்ஜில் கணிதத் தேர்வில் தேறவேண்டுமானால் பல்கலைக்கழகப் பேராசிரியரை நம்பிப் பயனில்லை, காசு கொடுத்துத் தனிப்பயிற்சியாளரிடம் போகவேண்டும். அவர்களில் ரூத் என்பவரிடம் படித்து முதலிடம் பெற்றோர் மட்டும் இருபத்தைந்துக்கு மேல். ஹார்டியும் அப்படி ஒருவரிடம் அனுப்பப்பட்டு, வெறுத்து, கணிதத்தையே விட்டுவிட எண்ணியவர். பிற்பாடு அந்தத் தேர்வுமுறையை மாற்றப் போராடினார். 1909ஓடு தரவரிசைப் பட்டியல் ஒழிந்தது. தாம் வெறுத்த அந்தத் தொழிலின் குறிப்பேடு ஒன்று கும்பகோணத்துக் கோயில் தெருவில் என்ன செய்தது என்பதையும் உலகுக்குச் சொன்னவர் அவரே.

இராமானுஜனும் டியூஷன் எடுத்தார் என்பது பலருக்குத் தெரியாது. 1907இல் எஃப்.ஏ. தேர்வில் தவறிய பிறகு 1912இல் சென்னைத் துறைமுகத்தில் முப்பது ரூபாய்க் குமாஸ்தா ஆகும்வரை வேலையில்லை. இடையில் 1909இல் திருமணம். கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்லூரி மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார். நிலைக்கவில்லை. மாணவருக்கு வேண்டியது தேர்வுக்கான கணக்கு. இவரோ பாடநூலை விட்டு விலகித் தம் வழியில் போய்விடுவார். கார் விற்கத் தெரிந்ததை இராமானுஜனுக்கு விற்கத் தெரியவில்லை. எங்கள் கணிதக்காரர் அந்த வீட்டு வாசலில் நின்று இதைச் சொல்லும்போதெல்லாம் பையன்கள் சிரிப்பார்கள். அவர் சிரித்து நாம் பார்த்ததில்லை.

இதற்குப் பிந்திய கதை எல்லோருக்கும் தெரிந்தது, விரைந்து சொல்லிவிடலாம். தமிழ்நாட்டில் 1984இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது, பயிற்சி நிலையங்கள் பெருகின. 2007இல் அத்தேர்வு போயிற்று, 2017இல் மருத்துவத்துக்கு நீட் வந்தது, நிலையங்கள் நிறுவனங்களாயின. யாழ்ப்பாணத்தில் 1970களின் தரப்படுத்தலுக்குப் பின் பல்கலைக்கழக இடத்துக்கான போட்டி முறுகியபோது 'ரியூட்டரி'கள் பள்ளிக்கு இணையாக எழுந்தன. போர்க்காலத்திலும் அவை நடந்தன. இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 28ஆம் பிரிவில் பள்ளி ஆசிரியர் எவரும் தனிப்பயிற்சியில் ஈடுபடக்கூடாது என்றது. 2017 முதல் பயிற்சி நிலையங்களின் கட்டணத்துக்குச் சரக்கு சேவை வரி 18 விழுக்காடு. வித்தை விற்பனைச் சரக்கா என்ற பழைய கேள்வியை வரித்துறை முடித்துவைத்துவிட்டது.

எங்கள் மாடியறை நான்கு ஆண்டுகள் நடந்தது. நன்னூலும் மன்றோவும் கொடுத்த தெம்பில் காசு வாங்கும் கூச்சம் போயிற்று என்று எழுத ஆசைதான், போகவில்லை. மாதம் பிறந்தால் "தம்பி, பீஸ்" என்று வாய்திறந்து கேட்க மூவருக்கும் வராது. வாசலருகே ஒரு நோட்டை வைத்தோம். பிள்ளைகள் தாங்களே பெயரெதிரே தொகையை எழுதிவிட்டுப் பணத்தை டப்பாவில் போடவேண்டும். கேட்காமலிருப்பது பெருந்தன்மை என்று எங்களுக்கு எண்ணம்.

மூன்றாம் ஆண்டில் ஒரு பையன் வந்தான். பாத்திரப் பட்டறையில் வேலைசெய்பவரின் மகன், பத்தாம் வகுப்பு. கணிதமும் ஆங்கிலமும் சேர்ந்திருந்தான். ஆனால் விரும்பியது தமிழ். அலகிட்டு வாய்பாடு கூறுதலை விளையாட்டுப்போல் செய்வான். நமக்கு அந்த இலவச அரைமணி நேரம் இனித்தது அந்த ஆண்டில்தான். ஐப்பசியிலிருந்து அவன் பெயரெதிரே எண் எழுதப்படவில்லை. நாங்கள் கேட்கவில்லை. தை பிறந்ததும் வருவதை நிறுத்திவிட்டான். உடம்பு சரியில்லை என்று முதலில் நினைத்தோம். தேர்வு முடிந்த பிறகு பெரிய கடைத்தெருவில் அவன் அப்பாவைப் பார்த்தோம். "மூணு மாசம் பாக்கி வெச்சுக்கிட்டு எப்படிப்பா போயி உக்காருறதுன்னு நின்னுட்டான் சார். நோட்டுல எல்லாப் பேரு எதிர்லயும் எழுதியிருக்கு, என் பேரு எதிர்ல மட்டும் இல்லேங்கிறான். நீங்க ஒண்ணும் கேக்கலேன்னு சொன்னான். கேட்டிருந்தாலும் ஏதாச்சும் பொறட்டிக் குடுத்திருப்பேன்" என்றார். கணக்குத் தீர்ப்பவர்போல் சட்டைப்பையில் கைவிட்டார். நாம் வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டோம். பையன் தேறியிருந்தான், பட்டறைக்கு வரத் தொடங்கிவிட்டான் என்றார்.

கலெக்டர் காம்ப்பெல்லின் அறிக்கையை நாம் முதன்முறை வாசித்தது அதற்கு ஓராண்டு கழித்துத்தான். அறையைக் காலிசெய்தபோது கரும்பலகையைக் கணிதக்காரர் எடுத்துக்கொண்டார், மின்விசிறி ஆங்கிலக்காரருக்கு. நோட்டு நம்மிடம் இருக்கிறது. அவன் பெயருக்கு நேரே மூன்று கட்டங்கள் வெறுமையாக இருக்கின்றன. அருகே, எப்போது எழுதினான் என்று தெரியவில்லை, பென்சிலால் பொடி எழுத்தில் 'தேமா புளிமா' என்று எழுதியிருக்கிறான்.